முப்பத்தொரு பேர் சேதி

சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருப்பதைக் கட்டிலில் படுத்தபடியே சுகந்திதான் கண்டுபிடித்தாள்.

“ஏங்க, கழத்திட்டு முதல்லருந்து போடுங்க. இருபது பொம்பளைங்க முன்னால நிக்கப் போறீய.”

மாரிச்செல்வம் கழற்றிவிட்டு மறுபடி போட்டார். துளை பிடிபடாமல் விரல் தடுமாறியது அவருக்கே வெட்கமாக இருந்தது. மின்வாரியத்தில் இருபத்து நான்கு வருடம். காற்றும் சாரலும் அடிக்கும்போது கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்துக் கட்டிய கை அது.

காலையில் வலிமருந்து கொடுக்க வந்த நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: “இன்னைக்கோ நாளைக்கோ அண்ணாச்சி. தூரமா எங்கயும் போயிராதீங்க.” மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் சன்னல் திறந்திருந்தது. அவர் உள்ளே வந்ததும் சுகந்தி, “குத்தாலம் ஒரு தூரமா? இலஞ்சியிலருந்து பைக்க எடுத்தா பத்து நிமிசம்” என்றாள்.

கணையத்தில் புற்றுநோய் என்று பங்குனியில் தெரிந்தது. ஆனி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே, போன வருடமே, சுகந்தி தன்னோடு பி.எஸ்ஸி. தாவரவியல் படித்த முப்பது பேரையும் தேடத் தொடங்கியிருந்தாள். கல்லூரி முடித்து இருபத்தெட்டு வருடம் கழித்து முதல் முறையாக எல்லோரும் சேருவதென்று முடிவாகி, நாளும் மண்டபமும் அவள்தான் குறித்தாள். ஒரே நிறத்தில் சேலை எடுப்பதற்கு வாட்சப்பில் நடந்த வாக்கெடுப்பைக்கூட அவள்தான் நடத்தினாள். எலுமிச்சை மஞ்சள் ஜெயித்தது. நோய் வந்ததை மட்டும் ஒருத்தியிடமும் சொல்லவில்லை. வர முடியாததற்கு முதுகுவலி என்று எழுதிப் போட்டிருந்தாள்.

“லே தம்பி, நல்லாத்தான் இருக்கு” என்றாள் மாரிச்செல்வத்தின் அக்கா குருவம்மாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுகந்தியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். “பொண்டாட்டி கெடக்க கெடையில புருசன் ஃபங்சனுக்குப் போறானா? ஊரு என்ன சொல்லும்?”

“மதினி, சீசன் நேரம். ஊரே அருவியில குளிக்கப் போயிருக்கு” என்றாள் சுகந்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கியது. “நான்தான் கிளாஸ் லீடரு. நான் போகலன்னா என் வீட்டுக்காரரு போகணும்.”

மகள் முத்துசெல்வி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதியது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை ரோல் நம்பரும் பெயரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுத இடம் விட்டிருந்தது.

“கிளாஸ்ல கூப்பிடுத மாதிரி வரிசையா கூப்பிடுங்க. என்ன வேல பாக்கா, வீட்டுல யாரு, புள்ளைய என்ன செய்யுது. எல்லாத்தையும் கேட்டு எழுதிட்டு வந்து எங்கிட்ட சொல்லணும். சாப்பிட்டு முடியுத வரைக்கும் என் சங்கதிய எடுக்கக் கூடாது. கெழவியெல்லாம் ஒருநாள் கூடிச் சிரிக்கட்டும்.”

“சரி.”

“எட்டாம் நம்பரு வந்தாள்னா…” சுகந்தி கண்ணை மூடி வலி ஒன்றைத் தாண்டிவிட்டுத் திறந்தாள். “அவ என்ன சொல்லுதாளோ அத அப்படியே கொண்டாங்க. உங்க வார்த்தை ஒண்ணும் வேண்டாம்.”

எட்டாம் நம்பர் ஞானபாக்கியம். அவருக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருடம் சுகந்தி அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். மூன்றாம் வருடம் படிக்கும்போது ஞானபாக்கியம் புனலூர்ப் பையன் ஒருவனோடு போவதென்று இருந்தாள். எந்த நாள், எந்த பஸ் என்பது சுகந்தி ஒருத்திக்குத்தான் தெரியும். ஞானபாக்கியத்தின் அப்பா கல்லூரி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். சுகந்தி சொல்லிவிட்டாள். அவர் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலேயே மகளைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஞானபாக்கியம் பரீட்சை எழுதவில்லை. அதற்குப் பிறகு எதிர்ப்பட்டாலும் சுகந்தியிடம் பேசியதில்லை. போன மாதம் யாரிடமோ நம்பர் வாங்கி, சுகந்தி அழைப்பை அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

மாரிச்செல்வம் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

ஐந்தருவி போகும் சாலை கார்களால் அடைத்துக் கிடந்தது. தலை துவட்டாத ஆட்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நடந்தார்கள். மண்டபத்தில் நுழைந்தபோது கண் கூசியது. பத்தொன்பது பேர், அதில் பதினெட்டுச் சேலை எலுமிச்சை மஞ்சள். ஐம்பதை எட்டிய முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன.

“அண்ணாச்சி வந்தாச்சு. சுகந்தி ஆளனுப்பிட்டா” என்று யாரோ கத்தினார்கள்.

மைக்கைப் பிடித்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. வீட்டிலும் அவர் கொண்டுவரும் சேதியில் உப்பும் இருக்காது, புளியும் இருக்காது என்று சுகந்தி சொல்வாள். கரண்டு எப்போ வரும் என்று கேட்டு வருகிற போனுக்கெல்லாம் “வரும்” என்று ஒரே சொல்லைச் சொல்லி வைத்துவிடுகிறவர். ஆனால் தாளை விரித்து, “ரோல் நம்பர் ஒண்ணு” என்று அவர் சொன்னதும் கூட்டம் சட்டென்று அடங்கியது. வகுப்பில் உட்கார்வது போலவே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதலாவது பெண் எழுந்து நின்றாள். சுரண்டையில் ஜவுளிக்கடை. இரண்டு பையன்கள், இரண்டு பேரும் கடைக்கு வரமாட்டேன் என்கிறார்கள். மூன்றாவது ஆவுடையம்மாள், இப்போது பஞ்சாயத்துத் தலைவி. “தாவரவியல் படிச்சது வீண் போகல, ரோட்டோரம் முந்நூறு வேம்பு வச்சிருக்கேன்” என்றாள். ஐந்தாவது எப்சிபா, பாளையங்கோட்டையில் தலைமையாசிரியை. கணவர் இறந்து ஆறு வருடம். மகன் கனடாவில். வராதவர்களின் சேதியைப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஏழாம் நம்பர் கொரோனாவில் போய்விட்டாள் என்றார்கள். மாரிச்செல்வம் அதையும் எழுதிக்கொண்டார்.

“எட்டு.”

கடைசி வரிசையில் அரக்குச் சேலை கட்டியிருந்த பெண் எழுந்தாள். பத்தொன்பதில் மஞ்சள் கட்டாதவள் அவள் ஒருத்திதான். 

“ஞானபாக்கியம். வரணும்னு காலையில ஏழு மணிக்குத்தான் முடிவு பண்ணுனேன், அதான் சேலை இல்ல” என்றாள். குரலில் தயக்கமே இல்லை. “கேரளா ரோட்டுல புளியறை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஹோட்டல் வச்சிருக்கேன். வீட்டுக்காரர் ஜெபஸ்டின் அடுப்புல நிப்பாவ, நான் கல்லாவுல. லாரிக்காரங்க எல்லாம் எனக்கு சேச்சின்னுதான் பேரு வச்சிருக்காவ. மூத்தவ எர்ணாகுளத்துல நர்சு. சின்னவன் ப்ளஸ் டூ. டிகிரி இல்ல. மத்தபடி ஒரு குறையும் இல்ல.”

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. பிறகு எப்சிபா தட்டினாள். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

வரிசை நகர்ந்தது. இருபத்தாறு என்று வாசித்த பிறகுதான் அது யார் என்பது மாரிச்செல்வத்துக்கு உறைத்தது.

“அவள கூப்பிடுங்க அண்ணாச்சி. முதுகுவலின்னு சாக்கு சொல்லுதா” என்று ஒருத்தி சிரித்தாள்.

“சுகந்தி” என்றார் அவர். “அரசாங்கப் பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டென்ட். ஒரு மக, பார்மசி படிக்கா. வீட்டுக்காரரு ஈபியில லைன்மேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏனோ நிறுத்தவில்லை. “சாயங்காலம் புள்ளைகளுக்குச் சும்மாவே பாடம் எடுப்பா. எங்க தெருவுல எந்தச் செடியக் காட்டுனாலும் அதோட முழுப்பேரு சொல்லுவா. வாய் ஜாஸ்தி. சொன்ன சொல்லு மாற மாட்டா. எனக்கு எந்தக் குறையும் வைக்கல.”

கூட்டம் ஓவென்று கத்தியது. அவருக்கு வியர்த்துவிட்டது. “இருபத்தேழு” என்றார்.

பந்தியில் முதல் இலை அவருக்குத்தான் போட்டார்கள். ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு இலையில் விரலை அளைந்துகொண்டிருந்தார். எதிரில் எப்சிபா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, முதுகுவலிக்காரி இதுக்கு ஆளனுப்ப மாட்டா. சுவத்தப் புடிச்சாவது வந்திருப்பா” என்றாள் தணிந்த குரலில்.

“சாப்பிட்டு முடிக்கட்டும் டீச்சர்.”

எப்சிபா அதற்கு மேல் கேட்கவில்லை. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. முத்துசெல்வி.

“அப்பா, வரிசை முடிஞ்சுதான்னு அம்மா கேக்காவ.”

“முடிஞ்சுது.”

“அப்ப சீக்கிரம் வாங்கப்பா.” அவள் குரலின் கடைசியில் ஏதோ உடைந்தது.

அவர் கை கழுவிவிட்டுப் பைக்கை எடுக்கும்போது பின்னால் வந்து நின்றாள் ஞானபாக்கியம்.

“நீங்க அவகிட்ட எல்லாஞ் சொல்லுவீயல்லா?”

“சொல்லுவேன்.”

“அப்ப இதையும் சொல்லுங்க. அன்னைக்கு அவ எங்கப்பாட்ட வாயத் தொறக்காம இருந்தா நான் புனலூர் போயிருப்பேன். போயிருந்தா நல்லாருந்திருப்பனா, நாசமாப் போயிருப்பனா, எனக்குத் தெரியாது. ஆனா அத நான் போய்ப் பாத்துத் தெரிஞ்சிருக்கணும். அவ யாரு அதத் தடுக்க? இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது ஆறல.” மூச்சு விட்டுக்கொண்டாள். “முதுகு சரியானதும் கடைக்கு வரச் சொல்லுங்க. நேர்ல வச்சுத் திட்டணும். திட்டிட்டுச் சோறு போடுதேன்.”

மாரிச்செல்வம் தலையை ஆட்டினார். அவளுக்குச் சுகந்தியின் நிலைமை தெரியாது. தெரிந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. வழியெல்லாம் இதே யோசனைதான். சாகக் கிடக்கிறவளிடம் இதைப் போய்ச் சொல்வதா? எல்லாம் மறந்துவிட்டாளாம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இலஞ்சிக் குளக்கரையைத் தாண்டும்போது அதைச் சொல்லியும் பார்த்தார். தன் வாயில் அது தனக்கே பொய்யாகக் கேட்டது. உங்க வார்த்தை வேண்டாம் என்று அவள் சொல்லியனுப்பியது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

சுகந்தியைத் தலையணை வைத்துச் சற்று உயர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் இரண்டு மணி நேரத்தில் இன்னும் சிறுத்திருந்தது. அவரைக் கண்டதும் கண் மட்டும் பளிச்சென்று வந்தது.

“எட்டாம் நம்பரு…” என்று அவர் தொடங்கப்போனார். அதற்குள் அவளே, “வரிசையா” என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தாளை விரித்தார். சொல்லத் தொடங்கினார். சுரண்டைக்காரி என்ன நகை போட்டிருந்தாள், ஆவுடையம்மாள் சொன்ன வேம்புக் கணக்கு, எப்சிபா முடிக்குச் சாயம் பூசாமல் நரையோடு அழகாக இருந்தது. இவ்வளவையும் தான் பார்த்தோமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏழாம் நம்பர் போன சேதிக்குச் சுகந்தி, “அடப்பாவமே” என்றாள். தன்னை மறந்து சொன்னாள்.

“எட்டு” என்றார். ஞானபாக்கியம் சபையில் சொன்னதைச் சொன்னார். பிறகு பைக்குக்குப் பக்கத்தில் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். ‘ஆறல’ என்றதையும் சொன்னார்.

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். குருவம்மாள் அவரை முறைத்தாள்.

“நீங்க ஒண்ணும் சேக்கலியே?” என்று சுகந்தி கேட்டாள்.

“எனக்குச் சேக்கத் தெரியாது.”

“‘பரவால்ல, மறந்துட்டேன்’னு அவ சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்” என்றாள் சுகந்தி. உதட்டோரம் மடிந்தது, சிரிப்புதான். “சரியாத்தான் சொல்லுதா. நான் யாரு அதத் தடுக்க.” கண்ணைத் திறந்து, “சோறு போடுதாளாமா?” என்றாள்.

“திட்டிட்டு.”

“ஆங். ஒம்போது?”

அவர் ஒன்பதைச் சொன்னார். பத்தை, பதினொன்றை. வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. பதினான்காம் நம்பருக்கு அவள் ஏதோ கேட்டாள், புரியவில்லை, அந்தப் பெண்ணின் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றுதான் இருக்குமென்று நினைத்து ஆயிற்று என்றார். பத்தொன்பதுக்கு அவள் விரல் அவர் முழங்காலில் லேசாகத் தட்டியது. இருபத்திரண்டாம் நம்பர் சங்கரேஸ்வரி, புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையைப் புருசனுக்குப் பிறகு தானே ஏற்று நடத்துகிறாள், டெல்லிக்கு லோடு அனுப்புகிறாள், சேலை நிறத்துக்கு அவள்தான் பதினைந்து ஓட்டுப் பிடித்தாளாம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

முழங்காலில் இருந்த விரல் அப்படியே இருந்தது. மூச்சு இல்லை.

கம்பியில் ஓட்டம் நின்றுபோவதைத் தொடாமலே அறிகிற ஆள் அவர். அசையாமல் உட்கார்ந்திருந்தார். முத்துசெல்வி வந்து அம்மாவின் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கை வைத்தாள். குருவம்மாள் வாயைத் திறந்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னும் ஒம்போது பேரு இருக்கு.”

மகள் அவரைப் பார்த்தாள். “சொல்லுங்கப்பா” என்று கட்டில் காலடியில் உட்கார்ந்தாள்.

இருபத்து நான்காம் நம்பர் ஷாரோன், மஸ்கட்டில் நர்சு, வீடியோவில் வந்து பேசியதைச் சொன்னார். “இருபத்தாறு, ஒனக்குத் தெரியும்” என்றார். முப்பத்தொன்று வெள்ளத்தாய். கல்லூரியில் மூன்று பேப்பர் பாக்கி வைத்துவிட்டுப் போனவள். போன வருடம் மகன் படிக்கிறதைப் பார்த்து, தானும் சிறப்பு அனுமதி வாங்கி எழுதி மூன்றையும் முடித்துவிட்டாள். மகனும் தாயும் ஒரே நாளில் பட்டம் வாங்கினார்களாம். அதைச் சொல்லித் தாளை மடித்தார். “அவ்வளவுதான்” என்றார். அதற்குப் பிறகுதான் குருவம்மாள் அழுதாள்.

எப்சிபாவுக்கு அவரே போன் செய்தார். “சாப்பிட்டாச்சா டீச்சர்?” என்று கேட்டார். “ஆச்சு அண்ணாச்சி” என்றாள் அவள். வேறொன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஐந்து மணிக்கு வேனிலும் ஆட்டோவிலும் வந்து இறங்கினார்கள். மஞ்சள் சேலைகள் சாரலில் நனைந்துகொண்டே தெருமுனையிலிருந்து வரிசையாக வந்தன. பெஞ்சில் இருந்த ஆண்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றார்கள். சாவு வீட்டுக்கு இப்படிப் பளபளவென்றா என்று யாரோ முணுமுணுத்ததற்கு, “அவ எடுத்துக் குடுத்த சேலை” என்றாள் சங்கரேஸ்வரி, சத்தமாகவே. சுகந்தியைக் குளிப்பாட்டியதும் உடுத்தியதும் அவர்கள்தான். குருவம்மாள் ஒதுங்கி இடம் விட்டாள். ஆவுடையம்மாள் யாருக்கோ போன் போட்டு, நாளை காலை எடுப்பதற்கான காரியங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்தாள். எப்சிபா முத்துசெல்வியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, அழுகைக்கு நடுவே எந்தக் காலேஜ், எத்தனையாவது வருடம் என்று விசாரித்தாள்.

ஞானபாக்கியம் வேனில் வரவில்லை. புளியறைக்குப் போன பிறகுதான் சேதி கிடைத்து, கிடைத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியிருக்கிறாள். கேட்டருகே வந்து நின்றாள். மாரிச்செல்வம் எழுந்து போனார்.

“சொல்லிட்டீயளா?” என்றாள்.

“சொன்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒரு வார்த்தை விடல.”

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அவ என்ன சொன்னா?”

“‘சரியாத்தான் சொல்லுதா’ன்னா. சோறு போடுதாளாமான்னு கேட்டா.”

ஞானபாக்கியம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரோட்டில் போகிற லாரி ஒன்றைக் கடைசி வரை பார்த்தாள். பிறகு போனை எடுத்து, “ஏங்க, இன்னைக்கும் நாளைக்கும் கடை இல்லன்னு போர்டு மாட்டிருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இருட்டுவதற்குள் வெளியூர்க்காரர்கள் புறப்பட்டார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. இரண்டு பேராக, மூன்று பேராக, அவரைப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்கள். அவர் ஒவ்வொருத்தியையும் பார்த்தார். எல்லோருடைய பெயரும் இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

சாரல் வலுக்க, வெளியே கிடந்த நாற்காலிகளைத் தார்ப்பாய்க்கு அடியில் இழுத்துப் போட்டபோது சன்னல் வழியாக உள்ளே கண் போயிற்று. சுகந்தியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். ஞானபாக்கியம் மட்டும் தலைமாட்டில், கண்ணாடிமேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்திருந்தாள். உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. முத்துசெல்வி தண்ணீர்ச் செம்போடு அந்தப் பக்கம் போகப்போனாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

கண்ணாடியில் ஞானபாக்கியத்தின் மூச்சுப் பட்ட இடம் வெள்ளையாகப் பூத்தது, மறைந்தது, மறுபடியும் பூத்தது.